மெருகும் பூட்டும்: மூடிய கருவிகளும் திறந்த கணினிகளும்

2020 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் எம்1 என்ற சில்லைப் பொருத்திய மேக்புக் ஏர் மடிக்கணினியை வெளியிட்டது. 2021 ஏப்ரலில் அதே எம்1 சில்லுடன் ஐபேட் புரோவை அறிவித்தது. இரண்டுக்கும் மூளை ஒன்றுதான். வாங்கியவரிடம் இரண்டும் நடந்துகொள்ளும் விதம்தான் வேறு. மடிக்கணினியில் எந்த இணையதளத்திலிருந்தும் மென்பொருளை இறக்கி நிறுவலாம். ஆப்பிளின் இயங்குதளத்தைத் தள்ளி வைத்துவிட்டு அசாஹி லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைக்கூட ஏற்றலாம். அதற்கான வழியை ஆப்பிளே விட்டுவைத்திருக்கிறது. ஐபேடில், குறைந்தபட்சம் இந்தியாவில், ஆப் ஸ்டோர் என்ற ஒரே வாசல்தான். மாற்று இயங்குதளம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரே நிறுவனம், ஒரே சில்லு, ஏறத்தாழ ஒரே விலைத்தட்டு. பிறகு ஏன் இந்த வேறுபாடு? மூடிய கருவிகளை ஆதரிப்போர் வழக்கமாகச் சொல்லும் பதில், பூட்டு இருந்தால்தான் மெருகு வரும் என்பது. திறந்த கணினியை ஆதரிப்போர், பூட்டு உள்ள எதுவும் அடிமைத்தனம் என்பார்கள். நாற்பதாண்டுக்கும் மேற்பட்ட கணினி வரலாற்றை எடுத்துப் பார்த்தால் இரண்டு பதில்களும் பாதிதான் தேறுகின்றன. மெருகு என்பது உழைப்பின் விளைவு. பூட்டு என்பது வணிக முடிவு. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து விற்பதால் நாம் ஒன்றாக நினைத்துக்கொள்கிறோம்.

எட்டுச் செருகிகள்

1977இல் வந்த ஆப்பிள் II கணினியின் மூடியைக் கையாலேயே கழற்றலாம். உள்ளே கூடுதல் அட்டைகளைச் செருக எட்டு இடங்கள் இருந்தன. இரண்டு போதும் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். கணினியை வடிவமைத்த ஸ்டீவ் வோஸ்னியாக் எட்டுக்குக் குறைய மாட்டேன் என்று நின்று வென்றார். உடன் வந்த கையேட்டில் சுற்று வரைபடமும் கணினியின் அடிப்படை நிரலும் அச்சாகியிருந்தன. 1979இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் அந்தக் கணினிக்கு விசிகால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருளை எழுதினார்கள். அதுவரை பொழுதுபோக்கு ஆர்வலர்களின் பொருளாக இருந்த கணினி, கணக்காளர்களின் மேசைக்கு ஏறியது. அந்த வெற்றியை ஆப்பிள் திட்டமிடவில்லை. யாரிடமும் அனுமதி கேட்காமல் வெளியாள் இருவர் செய்தது அது.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டபோது இதே வழியில் போனது. கடைகளில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே கணினியைக் கட்டியது. சுற்று வரைபடங்களையும், கணினியைத் துவக்கும் பயாஸ் நிரலையும் கையேட்டில் அச்சிட்டது. காம்பேக் நிறுவனம் அந்த நிரலை நகலெடுக்காமல், அது செய்யும் வேலையை மட்டும் பார்த்துத் தானே புதிதாக எழுதி, 1982 இறுதியில் ஐபிஎம்முக்கு இணக்கமான கணினியை அறிவித்தது. பிறகு யார் வேண்டுமானாலும் அதைச் செய்யலாம் என்றாயிற்று. ஐபிஎம்முக்கு அது நட்டம். உலகத்துக்கு லாபம்.

அந்த லாபத்தில் ஒரு பங்கு சென்னைக்கும் வந்து சேர்ந்தது. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் 2000களில் கணினி வாங்கியவர்களுக்கு ‘அசெம்பிள்டு’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. கடைக்காரர் ஒரு கொட்டேஷன் தாள் போடுவார்: பிராசசர், மதர்போர்டு, ரேம், ஹார்டு டிஸ்க், எஸ்.எம்.பி.எஸ்., கேபினட், மானிட்டர் என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் தனி விலை. கைக்காசுக்கு ஏற்ப ரேமைக் குறைக்கலாம், கிராபிக்ஸ் கார்டை இப்போதைக்கு விடலாம், அடுத்த ஆண்டு போனஸில் சேர்த்துக்கொள்ளலாம். எஸ்.எம்.பி.எஸ். புகைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். நிறுவனக் கணினி எட்டாத எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களுக்கு வீட்டில் ஒரு கணினி வந்தது இந்த ஏற்பாட்டால்தான். அதன் வேர் 1981ஆம் ஆண்டுக் கையேட்டில் இருக்கிறது.

மூடிய மரபும் அதே காலத்தில்தான் வளர்ந்தது. 1984இல் வந்த ஆப்பிளின் மெக்கின்டாஷில் விரிவாக்கச் செருகி ஒன்றுகூட இல்லை. பெட்டியைத் திறக்க அந்நாளில் எளிதில் கிடைக்காத நீண்ட டார்க்ஸ் திருப்புளி வேண்டும். 128 கிலோபைட் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. சுட்டியும் சாளரமும் கொண்ட அதன் திரை அன்றைய ஐபிஎம் கணினியைவிட வெகுதூரம் முன்னே இருந்தது என்பதையும் மறுக்க முடியாது. ஆனாலும் 1987இல் ஆப்பிளே இறங்கி வந்து, ஆறு செருகிகள் கொண்ட மெக்கின்டாஷ் II-ஐ வெளியிட்டது.

பூட்டின் உண்மையான ஆசான் விளையாட்டுப் பெட்டிதான். அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் அட்டாரி கருவிக்கு விளையாட்டு தயாரிக்கலாம் என்றிருந்தது. தரமற்ற விளையாட்டுகள் கடைகளில் குவிந்தன. 1983இல் சந்தை சரிந்தது. 1985இல் அமெரிக்கா வந்த நின்டெண்டோ, தன் கருவிக்குள் ஒரு பூட்டுச் சில்லை வைத்தது. உரிமம் பெற்ற விளையாட்டில் மட்டுமே அதற்கு இணையான சில்லு இருக்கும், இல்லாவிட்டால் ஓடாது. கருவியை விற்ற நிறுவனமே அதில் எது ஓடலாம் என்பதைத் தீர்மானித்து, ஒவ்வொரு விற்பனையிலும் பங்கு எடுக்கும் முறை இங்கே உருப்பெற்றது. கைபேசிக்கு அது வந்து சேர இருபதாண்டுக்கும் மேல் ஆனது.

ஒரே நாளில் இரண்டு நிகழ்வுகள்

2007 ஜூன் 29 அன்று ஐபோன் விற்பனைக்கு வந்தது. அதே நாளில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை குனு பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. அந்தப் பதிப்பின் முக்கிய அக்கறைகளில் ஒன்று டிவோ என்ற தொலைக்காட்சிப் பதிவுக் கருவி. டிவோவுக்குள் ஓடியது லினக்ஸ். அதன் மூலநிரலை நிறுவனம் சட்டப்படி வெளியிட்டும் இருந்தது. ஆனால் யாராவது அந்த நிரலைத் திருத்தி மீண்டும் கருவியில் ஏற்றினால், நிறுவனத்தின் கையொப்பம் இல்லை என்று கருவி ஓட மறுத்துவிடும். நிரல் திறந்திருக்கும், பெட்டி பூட்டியிருக்கும். இதைத் தடுக்கவே புதிய உரிமம் எழுதப்பட்டது.

முதல் ஐபோனில் வெளியார் செயலிகளுக்கு இடமே இல்லை. இணைய உலாவி வழியாக ஓடுபவை போதும் என்றது ஆப்பிள். 2008 ஜூலையில் 500 செயலிகளோடு ஆப் ஸ்டோர் திறந்தது. ஒவ்வொரு விற்பனையிலும் 30 விழுக்காடு ஆப்பிளுக்கு. அதே ஆண்டு, இணையச் சட்ட அறிஞர் ஜொனாதன் ஸிட்ரெய்ன் ஒரு நூலில் எச்சரித்தார்: எதையும் ஓட்டலாம் என்ற கணினியின் சுதந்திரமே வைரஸ்களையும் கொண்டுவருகிறது, அந்த அச்சத்தால் மக்கள் தாமாகவே விரும்பி, நிறுவனத்தின் பிடியில் இருக்கும் கருவிகளுக்கு மாறுவார்கள். பின்னர் நடந்தது அதுதான்.

மூடிய பக்கத்தின் நியாயம்

அந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சலான், வங்கிக் கணக்கின் கேஒய்சி என்று பெயர் சூட்டி வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே என்ற ஆண்ட்ராய்டு நிறுவல் கோப்புகளைப் பற்றி நம் ஊர்க் காவல்துறையினர் அடிக்கடி எச்சரிக்கிறார்கள். தொட்டு நிறுவினால், கைபேசிக்கு வரும் ஓடிபி குறுஞ்செய்திகளை அது இன்னொருவருக்கு அனுப்பும், கணக்கு காலியாகும். ஐபோனில் இந்த வகை மோசடிக்கு வழி மிகக் குறைவு. மென்பொருளைப் பற்றித் தெரிந்துகொள்ள நேரமோ விருப்பமோ இல்லாத ஒருவருக்கு, ஓய்வூதியம் முழுவதும் கைபேசியில் இருக்கும் முதியவருக்கு, இது சிறிய விஷயம் அல்ல.

இரண்டாவது நியாயம் பொறுப்பு. ஐபோனில் சில்லு, இயங்குதளம், புதுப்பிப்பு எல்லாம் ஒரே கையில். 2015இல் வந்த ஐபோன் 6எஸ், 2021இல் வெளியான ஐஓஎஸ் 15 வரை பெற்றது. ஆண்ட்ராய்டில் நிரலை எழுதுவது கூகுள், சில்லு ஒரு நிறுவனம், கைபேசி இன்னொரு நிறுவனம். பாதுகாப்பு ஓட்டையை யார் அடைப்பது என்ற கேள்விக்கு ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். பல கைபேசிகள் இரண்டாண்டில் கைவிடப்பட்டன. 2023இல் பிக்சல் 8-க்கும் 2024இல் சாம்சங் எஸ்24-க்கும் ஏழாண்டுப் புதுப்பிப்பு உறுதி வந்த பிறகுதான், அதுவும் விலை உயர்ந்த ரகங்களில்தான், நிலைமை மாறத் தொடங்கியது.

மூன்றாவது, கவனம். 2009இல் ஐபோன் 3ஜிஎஸ், திரையைப் படித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர் வசதியோடே வந்தது. தட்டையான கண்ணாடித் திரையைப் பார்வையற்றவர் பயன்படுத்த முடியும் என்று அது காட்டியது. தனியாக எதையும் வாங்கவும் வேண்டியதில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. விண்டோஸ் கணினிக்கான புகழ்பெற்ற திரைவாசிப்பான் அந்நாளில் ஆயிரம் டாலர் அளவுக்கு விற்றது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் என்விடிஏ என்ற கட்டற்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். இன்று அது தமிழையும் வாசிக்கிறது. விலை எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் நிரல் எழுதி நிறுவலாம் என்ற கணினி இல்லாவிட்டால் என்விடிஏ பிறந்தே இருக்காது.

ஒரே வாசலின் விலை

அடுக்ககத்தில் திருடனைத் தடுக்கும் காவலாளியை நாம் யாரும் குறை சொல்ல மாட்டோம். நம் வீட்டுக்கு வரும் தச்சரையும் அவரே தேர்ந்தெடுப்பார், கூலியில் முப்பது விழுக்காடும் அவருக்கு என்றால் கேள்வி எழும். ஆப் ஸ்டோர், பிளே ஸ்டோர் குறித்த சச்சரவு எல்லாம் இந்தக் கேள்விதான்.

காவல் வேலையிலும் ஓட்டை உண்டு. மக்களை மிரட்டி வசூலித்த உடனடிக் கடன் செயலிகள் பல, எங்கோ மூலையிலிருந்து இறக்கப்பட்டவை அல்ல. பிளே ஸ்டோரிலேயே இருந்தவை. ஆயிரக்கணக்கானவற்றைக் கூகுள் பிறகு நீக்கியதாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

வாசல் ஒன்றே என்றால் அதைப் பிடித்து மூடுவதும் எளிது. 2017இல் சீன அரசு சொன்னதும் ஆப்பிள் அங்கே விபிஎன் செயலிகளை நீக்கியது. 2019 அக்டோபரில், ஹாங்காங் போராட்டத்தின்போது காவல்துறை நிற்கும் இடங்களைக் காட்டிய வரைபடச் செயலியையும் நீக்கியது. செயலி சரியா தவறா என்பது வேறு விவாதம். ஒரு தொலைபேசி அழைப்பில் கோடிக்கணக்கானோரின் கருவியிலிருந்து ஒரு கதவை அடைக்க முடியும் என்பதே இங்கே செய்தி.

விற்ற பிறகும் கை நீளும். 2009 ஜூலையில் அமேசான், உரிமச் சிக்கல் காரணமாக, வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நூலை அவர்களின் கிண்டில்களிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பிறகு மன்னிப்புக் கேட்டது. 2010 ஏப்ரலில் சோனி, பிளேஸ்டேஷன் 3-இல் லினக்ஸ் ஓட்டும் வசதியை ஒரு புதுப்பிப்பின் மூலம் பிடுங்கிக்கொண்டது. விளம்பரத்தில் சொல்லி விற்ற வசதி அது.

தமிழுக்கும் இதில் ஒரு சொந்தக் கணக்கு இருக்கிறது. 1990களில் தமிழ் எழுத்துருவும் விசைப்பலகையும் கணினிக்கு வந்தது பெருநிறுவனங்களின் தயவால் அல்ல. மலேசியாவின் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் போன்றோர் தாமே செய்து பரப்பியதால். கணினி அதைத் தடுக்கவில்லை. கைபேசியில், வெளியார் எழுதிய விசைப்பலகையை எல்லாச் செயலிகளுக்கும் பொருத்த ஆண்ட்ராய்டு 2009இலேயே வழிவிட்டது. ஐபோனில் 2013இல் ஐஓஎஸ் 7 தமிழ் விசைப்பலகையைத் தரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெளியார் விசைப்பலகைக்கு 2014 வரை. வந்தபோது தமிழ்99, அஞ்சல் என்ற இரு விசைப்பலகை அமைப்புகளும் நேர்த்தியாகவே வந்தன. சிறிய சந்தை கொண்ட மொழி, அந்த நேர்த்திக்காக ஏன் வரிசையில் நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

திறந்த பக்கத்தின் பொய்கள்

ஆண்ட்ராய்டு திறந்தது என்ற பேச்சையும் அப்படியே ஏற்க முடியாது. அதன் அடித்தள நிரல் திறந்தது. வரைபடம், அறிவிப்பு, பணம் செலுத்தல் ஆகியவற்றுக்குப் பல செயலிகள் நம்பியிருக்கும் கூகுள் பிளே சர்வீசஸ் மூடியது. அதைப் பெறக் கைபேசி நிறுவனங்கள் கூகுளின் நிபந்தனைகளை ஏற்க வேண்டும். அந்த நிபந்தனைகளுக்காகத்தான் 2018இல் ஐரோப்பிய ஆணையம் 434 கோடி யூரோவும், 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாயும் அபராதம் விதித்தன. கைபேசி நிறுவனங்களும் தம் பங்குக்குப் பூட்டின. வேறு இயங்குதளம் ஏற்றுவதற்காகப் பூட்லோடரைத் திறக்கும் குறியீடு தருவதை ஹுவாவே 2018இல் நிறுத்தியது. கணினியிலும் பூட்டு நுழைகிறது: 2021இல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத நல்ல கணினிகளையும் ஒதுக்கியது.

திறந்த நிரல் தானாகவே பாதுகாப்பானது என்பதும் மிகை. லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளில், ஜியா டான் என்ற புனைபெயரில் ஒருவர் இரண்டாண்டுக்கும் மேல் நல்ல பங்களிப்பாளராக நடித்து, பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, 2024 தொடக்கத்தில் ரகசியக் கதவு ஒன்றைப் புகுத்தினார். களைத்துப்போன ஒரு தன்னார்வலர் மீதே உலகம் சாய்ந்திருந்த பலவீனம் அது. அதைப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர். தொலைவிலிருந்து உள்நுழைவது வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று நிரலுக்குள் இறங்கித் தோண்டினார். பெரும்பாலான கணினிகளுக்குப் போய்ச் சேருவதற்குள் அது நிறுத்தப்பட்டது.

இதோடு 2023இல் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் தன் ஊழியர்களின் ஐபோன்களிலேயே கண்டறிந்த உளவு நிரலை ஒப்பிடலாம். எதையும் தொடாமலே, ஒரு செய்தி வந்தாலே நுழையும் வகை அது. கைபேசிக்குள் நேரடியாகப் பார்க்க வழியில்லாததால், அலுவலக வைஃபையில் ஓடும் தரவைக் கவனித்தும், காப்புப் பிரதிகளை எடுத்துப் பிரித்தும்தான் தடயத்தைப் பிடித்தார்கள். மிகப் பழைய தடயம் 2019ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஓர் ஒப்பீட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இரு பக்கத்தின் குணமும் இதில் தெரிகிறது: திறந்த இடத்தில் நுழைவது எளிது, பார்ப்பதும் எளிது, மூடிய இடத்தில் நுழைவது கடினம், நுழைந்துவிட்டால் உரிமையாளரால் பார்க்கவே முடியாது.

திருப்புளியும் சட்டமும்

பூட்டு, மென்பொருளோடு நிற்பதில்லை. 2019இல் வந்த ஐபோன் 11 முதலான ஐபோன்களில் திரையை வெளிக்கடையில் மாற்றினால், அது அசலா என்று சரிபார்க்க முடியவில்லை என்ற அறிவிப்பு வரும். 2021இல் ஐபோன் 13-இன் திரையை மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் வசதியே போய்விட்டது. ஒரு சிறு சில்லைப் பழைய திரையிலிருந்து பிரித்துப் புதியதில் பற்றவைத்தால்தான் அது திரும்பும். கடைக்காரருக்கு நுண்நோக்கி வேண்டும். எதிர்ப்பு கிளம்பியதும் ஆப்பிள் அதைத் தளர்த்தியது. 2024இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், பாகங்களை இப்படிக் கருவியோடு முடிச்சுப் போடுவதையே தடைசெய்து சட்டமியற்றியது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச் முதல் ஐபோனில் வேறு செயலிக்கடைகளுக்கும் இடம் தர வேண்டியதாயிற்று. இந்தியாவில் 1,337.76 கோடி அபராதத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் உறுதி செய்தாலும், கடைக்கு வெளியே செயலிகளை வழங்குவது தொடர்பானது உள்ளிட்ட சில கட்டளைகளை நீக்கியது. கூகுளோ எதிர்த்திசையில் நகர்கிறது: வெளியிலிருந்து நிறுவும் ஆண்ட்ராய்டு செயலிகளையும், அடையாளம் சரிபார்க்கப்பட்ட நிரலாளரே வெளியிட வேண்டும் என்ற விதியை 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடக்கம் என்றது. எதிர்ப்புக்குப் பிறகு, விவரம் தெரிந்தவர்களுக்குத் தனிவழி விடுவதாகவும் சொன்னது. ஏபிகே மோசடியைக் காட்டித்தான் இந்த விதி நியாயப்படுத்தப்படுகிறது. மோசடி உண்மை, அதற்கான மருந்து, எல்லா நிரலாளரையும் ஒரு நிறுவனத்தின் பதிவேட்டில் சேர்ப்பதாகத்தான் இருக்க வேண்டுமா என்பது தீராத வழக்கு.

எடைபோட்டால்

மெருகுக்குப் பூட்டு தேவையா என்ற கேள்விக்குச் சந்தையிலேயே விடை இருக்கிறது. மேக் கணினி மெருகானது; எச்சரிக்கை காட்டிவிட்டு, உரிமையாளர் விரும்பியதை நிறுவ விடுகிறது. 2022இல் வந்த வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக், விளையாட்டுப் பெட்டியின் எளிமையோடு திறக்கிறது. ஒரு பொத்தானில் முழு லினக்ஸ் கணினியாகிறது. விரும்பினால் விண்டோஸ் ஏற்றலாம், உதிரிபாகங்களும் விலைக்குக் கிடைக்கும். கூகுளின் பிக்சலில் பூட்டைத் திறந்து, கிராஃபீன்ஓஎஸ் என்ற வேறு இயங்குதளத்தை ஏற்றி, மறுபடி பூட்டலாம். பாதுகாப்பும் இருக்கிறது, சாவியும் உரிமையாளரிடம் இருக்கிறது. பூட்டிய நிலையில் விற்பது குற்றமில்லை. பெரும்பாலோர் அதைத் திறக்கவே மாட்டார்கள், அதுவும் நல்லதே. சாவியைத் தர மறுப்பதுதான் குற்றம்.

அந்தச் சாவியின் பயன் தெரிவது கருவி முதுமையடையும்போது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அந்தக் கணினிகளில் லினக்ஸ் ஏற்றி இன்னும் பல ஆண்டு ஓட்டலாம். 2010இல் வந்த முதல் ஐபேட் ஐஓஎஸ் 5.1.1-உடன் நின்றது, திரையும் மின்கலமும் நன்றாக இருந்தாலும் அதில் ஏற்ற வேறெதுவும் இல்லை.

ஆகவே வாங்கும் முன் நான்கு கேள்விகள். நிறுவனம் கைவிட்ட பிறகு இதில் வேறு இயங்குதளம் ஏறுமா? கடைக்கு வெளியிலிருந்து, எச்சரிக்கையோடாவது, ஒன்றை நிறுவ முடியுமா? உடைந்தால் தெருமுனைக் கடையில் பழுது பார்க்க முடியுமா? படங்களையும் தொடர்புகளையும் கோப்புகளையும் எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா? வீட்டுப் பெரியவருக்கு வாங்கும்போது முதல் இரண்டை விட்டுக்கொடுப்பது புத்திசாலித்தனமாகவே இருக்கலாம். படிக்கும் பிள்ளைக்கு வாங்கும்போது விட்டுக்கொடுக்கக் கூடாது. திறந்து பார்க்க முடியாத கருவியில் பயன்படுத்தத்தான் கற்க முடியும், உருவாக்கக் கற்பது கடினம். கேரளம் தன் பள்ளிகளில் கணினிப் பாடத்தைக் குனு/லினக்ஸிலேயே நடத்துகிறது. பொதுப்பணத்தில் கருவிகளை மொத்தமாக வாங்கும் எந்த அரசும் இந்த நான்கு கேள்விகளையும் ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதிவிட வேண்டும். தனி வாடிக்கையாளர் கேட்டால் நகராத நிறுவனங்கள், இலட்சக்கணக்கில் வாங்குபவர் கேட்டால் நகரும்.

நல்ல வடிவமைப்புக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளில் கடைசிச் சொல் வாங்கியவருடையதாக இருக்க வேண்டும். அதை மறுக்கும் மெருகு எந்த விலைக்கும் அதிகம்.